ஓட்டல் ஃப்ரிட்ஜ் வீட்டுக்குச் சரிப்படுமா?

"ஓட்டல் ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கிப் போட்டால் கூலிங் பிரமாதமாக இருக்கும், ஆயுசுக்கும் உழைக்கும்" என்று சொல்லாதவர்கள் குறைவு. கூட்டுக் குடும்பத்தார், வீட்டிலேயே மாவு அரைத்து விற்பவர்கள், விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள், மூடிய ஓட்டலின் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள் எனப் பலரும் ஏதோ ஒரு நாளில் இந்த யோசனைக்கு வந்து சேர்கிறார்கள். வாங்கிய சில வாரங்களில் கொத்தமல்லி சருகாகிறது, ராத்திரி சத்தம் தூங்க விடுவதில்லை, அடுத்த மின் கட்டணம் வேறு ரகத்தில் வருகிறது. பெட்டியில் பழுது எதுவும் இருக்காது. அது எதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த வேலை வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

கடைகளில் "கமர்ஷியல்" என்ற ஒரே பெயரில் மூன்று வகைப் பெட்டிகள் விற்கின்றன. கண்ணாடிக் கதவுள்ள விசி கூலர், மேலே மூடி திறக்கும் டீப் ஃப்ரீசர், ஓட்டல் சமையலறைகளில் நிற்கும் எவர்சில்வர் ஃபோர் டோர். மேடைக்குக் கீழே படுத்தவாக்கில் இருக்கும் அண்டர் கவுண்டரும் ஃபோர் டோரின் தம்பிதான். டீப் ஃப்ரீசரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. மூடியை மேலே திறந்தாலும் அது பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். மைனஸ் 18 டிகிரியில் மீனும் இறைச்சியும் வைக்க வீட்டிலும் அது நன்றாகவே உழைக்கும். குழப்பமெல்லாம் மற்ற இரண்டில்தான்.

உள்ளே குளிர் போவதில்லை, வெப்பம் வெளியே வருகிறது

தூர் வாரும் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஊற்று சுரந்தபடி இருக்கும். ஆள் இறங்கி வேலை பார்க்க வேண்டுமானால் நீர்மட்டம் கணுக்காலைத் தாண்டக் கூடாது. அதற்காக மேலே மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். ஃப்ரிட்ஜும் இப்படித்தான். சுவர் வழியாகவும், கதவு திறக்கும்போதும், நாம் வைக்கும் பொருளோடும் வெப்பம் உள்ளே சுரக்கிறது. அதை இறைத்து வெளியே கொட்டுவது கம்ப்ரசரின் வேலை. உள்ளே இருக்கும் வெப்பநிலைதான் நீர்மட்டம்.

இறைக்கும் விதம் இது: கம்ப்ரசர், ஃப்ரிட்ஜின் குழாய்களுக்குள் சுற்றிவரும் கேஸை அழுத்துகிறது, அழுத்தத்தில் கேஸ் சூடாகிறது. அந்தச் சூட்டோடு கண்டென்சர் என்ற குழாய்ச் சுருளுக்குள் போய், அறைக் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு கேபிலரி என்ற மிக மெல்லிய குழாயில் நுழைந்து வெளிவரும்போது அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அழுத்தம் இறங்கிய திரவம், பெட்டிக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகிறது. கொதிக்க வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் காற்றிலிருந்தும் பொருள்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆவி திரும்பக் கம்ப்ரசருக்கு வந்து சேர, சுற்று மறுபடி தொடங்குகிறது.

வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஓட்டல் ஃப்ரிட்ஜிலும் இதில் ஒரு மாற்றமும் கிடையாது. மோட்டார் சின்னதா பெரியதா என்பது ஒன்றுதான் வேறு.

கூடுதல் குளிர் கிடைக்காது. இழந்த குளிர் சீக்கிரம் திரும்பும்

ஓட்டல் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் வெப்பநிலை 2 முதல் 5 டிகிரி. நல்ல வீட்டு ஃப்ரிட்ஜும் அதே 2 முதல் 5 டிகிரியில்தான் இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால் எல்லாருக்கும் இலக்கு ஒன்றுதான். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்து இறைத்தாலும் கிணற்றில் வேண்டிய நீர்மட்டம் அதே கணுக்கால் அளவுதானே. பெரிய மோட்டார் எப்போது தேவை? ஊற்று பெரிதாக இருக்கும்போது.

ஊற்று எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்கு. 1000 லிட்டர் பெட்டியின் காற்று முழுதும் வெளியேறி, 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று உள்ளே நுழைகிறது என்று வைப்போம். அதை 4 டிகிரிக்கு இறக்கச் சுமார் 80 கிலோஜூல் வெப்பத்தை இறைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 கிலோஜூல் என்பதை ஒப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த 80-இல் பாதிக்கும் மேல் காற்றின் சூடு கிடையாது, காற்றில் உள்ள ஈரம் காயிலில் பட்டு நீராகும்போது விடும் வெப்பம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கதவை அடிக்கடி திறந்தால் ஃப்ரிட்ஜ் திணறுவதற்கு வெயிலைவிடப் புழுக்கம் பெரிய காரணம்.

ஓட்டலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மணிக்கு இருபது முறை இப்படிக் காற்று மாறுகிறது என்றால், கதவால் மட்டும் வரும் சுமை சுமார் 450 வாட். அதற்காகத்தான் அந்தப் பெரிய கம்ப்ரசர். அதே பெட்டியை வீட்டில் வைத்து ஒரு நாளைக்கு நாற்பது முறை திறந்தாலும் சராசரிச் சுமை 40 வாட்டைத் தொடாது. கையில் இருக்கும் திறனில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட வேலையில்லை.

ஆக, ஓட்டல் ஃப்ரிட்ஜுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, ஓயாமல் கதவு திறக்கும் இடத்தில் இழந்த குளிரை நிமிடங்களில் மீட்பதற்கான விலை. கதவு ஓயாமல் திறக்காத வீட்டில் அந்த மீட்சிக்கு வேலை வருவதே இல்லை.

ஃபேன் காற்றும் வாடிய கீரையும்

மீட்சி வேகமாக நடக்க, ஓட்டல் ஃப்ரிட்ஜில் காயிலுக்கு முன்னால் வலுவான ஃபேன் சுற்றும். மேல் தட்டு, கீழ்த் தட்டு, மூலை எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. மாவு டப்பாக்களை எந்தத் தட்டில் வைத்தாலும் ஒன்றுபோலக் குளிரும். இது பெரிய நன்மை. கூடவே ஒரு தொல்லையும் வரும். வீசிக்கொண்டே இருக்கும் உலர்ந்த காற்று, மூடாமல் வைத்த எதையும் காயவைக்கும். வீட்டு ஃப்ரிட்ஜின் அடியில் இருக்கும் காய்கறி டிராயர், ஈரத்தைப் பிடித்து வைப்பதற்காகவே உள்ள தனி அறை. ஃபோர் டோரில் அது கிடையாது. வெறும் கம்பித் தட்டுகள்தான்.

கீரை, கொத்தமல்லி, புதினா, வெட்டிய காய் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் போக வேண்டும். கொத்தமல்லியை வேரை நறுக்கி, லேசாக ஈரமான துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் தாங்கும். மீந்த குழம்பைத் தட்டு போட்டு மூடிவைக்கும் நம் பழக்கம் இங்கே போதாது. ஃபேன் காற்று அந்த இடுக்கில் புகுந்து குழம்பின் மேல் ஆடை பிடிக்க வைக்கும், குழம்பின் வாசனையைப் பாலுக்கும் கொண்டுசேர்க்கும்.

அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஃபேனுக்கு முன்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். கம்பித் தட்டின் மேல் அட்டையோ செய்தித்தாளோ விரிக்காதீர்கள். காற்று கீழே இறங்க வழியில்லாமல் மேல் தட்டு உறையும், கீழ்த் தட்டு வெதுவெதுக்கும். "மேலே வைத்த தயிர் ஐஸாகிறது, கீழே வைத்த பால் திரிகிறது" என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் செய்தித்தாளைத்தான். பச்சை இறைச்சியும் மீனும் எப்போதும் கடைசித் தட்டில்.

இன்னொன்று, பெரும்பாலான ஃபோர் டோர்களில் ஃப்ரீசர் தனியே இருக்காது. சிலவற்றில் இரண்டு கதவு ஃப்ரீசருக்கும் இரண்டு கதவு சில்லருக்கும் (உறையவிடாமல் குளிராக மட்டும் வைக்கும் பகுதி) பிரித்திருப்பார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

காயிலில் படியும் ஈரம் பனியாகி, கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் நேரத்தில் உருகி, ஒரு குழாய் வழியாக அடியில் உள்ள தட்டில் விழும். இதை டிஃப்ராஸ்ட் என்பார்கள். கம்ப்ரசரின் சூட்டில் தட்டுத் தண்ணீர் ஆவியாகிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆவியாவதைவிட வேகமாகத் தண்ணீர் சேர்ந்து தரையில் வழியும். தட்டைத் தினமும் கொட்டுங்கள், அல்லது ஒரு குழாய் போட்டு வடிகாலுக்கு விடுங்கள்.

விசி கூலர் சாப்பாட்டுக்கான பெட்டி இல்லை

பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலைக் கண்ணில் காட்டி விற்பதற்குச் செய்த பெட்டி. அறை வெப்பத்திலேயே கெடாத, மூடிய பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது மட்டுமே அதன் கடமை. உள்ளே 8 டிகிரி இருந்தாலும் சோடாவுக்கு ஒன்றும் ஆகாது. மீன் குழம்புக்கு ஆகும்.

கண்ணாடி இன்னொரு பலவீனம். இரட்டைக் கண்ணாடிக் கதவு, அதே பரப்புள்ள ஃபோம் அடைத்த கதவைவிட ஐந்தாறு மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். ஊற்று பெரிதாகும்போது மோட்டார் ஓயாமல் ஓடுகிறது. விளம்பர விளக்கு எரிந்தால் அதன் சூடும் சேரும். தொடர்ந்து வெளிச்சம் பட்டால் பாலில் உள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் சிதைந்து சுவையும் மாறும். விளக்கின் சுவிட்சை அணைத்தே வையுங்கள். தண்ணீர் பாட்டில், பழம், பூ, ஊறுகாய், ஜாம் போன்றவற்றோடு நிறுத்திக்கொண்டால் விசி கூலர் வீட்டில் பிழைக்கும்.

பழைய விசி கூலரை விலை பேசும்போது சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். குளிர்பான நிறுவனங்கள் கடைகளுக்குக் கொடுக்கும் பெட்டிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். கடைக்காரருக்கு விற்கும் உரிமை கிடையாது. பக்கவாட்டில் சொத்து எண் ஒட்டியிருந்தாலோ, அது சுரண்டப்பட்டிருந்தாலோ விட்டுவிடுங்கள்.

பத்து லிட்டர் சாம்பாரின் கணக்கு

"பெரிய ஃப்ரிட்ஜ்தானே, சூடாகவே வைக்கலாம்" என்பது இன்னொரு நம்பிக்கை. 60 டிகிரியில் உள்ள பத்து லிட்டர் சாம்பாரை 5 டிகிரிக்கு இறக்கச் சுமார் 2300 கிலோஜூல் இறைக்க வேண்டும். 120 வாட் வேகத்தில் வெப்பத்தை இறைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் வேறு எந்தச் சுமையும் இல்லாமல் இதை முடிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். 400 வாட் இறைக்கும் ஓட்டல் ஃப்ரிட்ஜுக்குக் காகிதக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் சொச்சம்.

காகிதத்தில்தான். குண்டானின் நடுவில் இருக்கும் சாம்பார் தன் சூட்டைப் பக்கத்துக்குக் கடத்த நேரம் எடுக்கும். கெட்டியான சாம்பார் கலங்கிச் சுழலாது, அதனால் நடுச்சூடு மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கம்ப்ரசர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதில் செய்ய ஒன்றுமில்லை. அதற்குள் பக்கத்தில் இருக்கும் தயிரும் மாவும் வெப்பமேறும். ஃபோர் டோர் என்பது குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும் பெட்டி. சூடானதை விரைவாகக் குளிர்விக்க பிளாஸ்ட் சில்லர் என்று தனி இயந்திரமே இருக்கிறது.

சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. பெரிய அளவில் சமைக்கும் யாரும் பின்பற்றத்தக்கது. வீட்டில் அதற்கு எளிய வழி உண்டு. குண்டானை அன்னக்கூடையில் ஐஸ் தண்ணீர் விட்டு அதில் இறக்கிக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருங்கள். ஆவி அடங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான தட்டங்களில் பிரித்து உள்ளே வையுங்கள். முழுக்க ஆறும்வரை தட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

இறைத்த வெப்பம் சமையலறையில்தான் கொட்டுகிறது

பெட்டிக்குள் சுரக்கும் வெப்பம் அறையிலிருந்து வந்தது, திரும்ப அறைக்கே போகிறது. ஆகவே நிகரமாக அறையில் சேரும் சூடு, பெட்டி தின்னும் மின்சாரத்துக்குச் சமம். நாளுக்கு 6 யூனிட் எடுக்கும் பெட்டி, இரவும் பகலும் 250 வாட் வெப்பத்தைச் சமையலறையில் விட்டுக்கொண்டிருக்கும். எட்டுக்குப் பத்தடி அறையில், ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இல்லாவிட்டால், அறை சூடாக, கண்டென்சர் வெப்பத்தை விட முடியாமல் தவிக்க, கம்ப்ரசர் இன்னும் அதிக நேரம் ஓட, அறை மேலும் சூடாகும். சமையலறையைவிடக் காற்றோட்டமான பின்கட்டு அல்லது ஸ்டோர் ரூம் நல்லது. வெயில் நேரடியாகப் படக் கூடாது.

வீட்டு ஃப்ரிட்ஜில் கண்டென்சர் பெரும்பாலும் பக்கச் சுவர்களுக்குள்ளேயே மறைந்திருக்கும், துடைக்க ஒன்றுமில்லை. ஓட்டல் ஃப்ரிட்ஜில் அது மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கிய சட்டம். மேலேயோ கீழேயோ ஒரு கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். ஃபேன் அதன் வழியே காற்றை இழுக்கும்போது தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். பிறகு கம்ப்ரசர் கொதிக்கும், ஓயாமல் ஓடும், "டக்" என்று தானே நின்றுவிடும், உள்ளே 10 டிகிரி காட்டும். பலர் இதைக் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துக் காசு கொடுத்துக் கேஸ் ஏற்றுகிறார்கள். சீல் வைத்த குழாய்க்குள் இருக்கும் கேஸ் கசிவு இல்லாமல் குறையாது. முதலில் கண்டென்சரைப் பாருங்கள்.

மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிரில்லைக் கழற்றி, நைலான் பிரஷால் தகடுகள் போகும் திசையிலேயே மேலும் கீழுமாகத் துலக்குங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று அடைபடும். உதிர்ந்ததை வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளி, கிரில் இருக்கும் பக்கம் முழுதும் திறந்தவெளி.

சத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டு ஃப்ரிட்ஜ் 40 டெசிபலை ஒட்டி இருக்கும். ஓட்டல் பெட்டிகள் 50-ஐத் தாண்டும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம் வைக்காதீர்கள்.

மின்சாரமும் கட்டணமும்

கம்ப்ரசர் புறப்படும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மிக்ஸியும் கிரைண்டரும் இருக்கும் லைனில் இதைச் சேர்த்தால் எம்.சி.பி. (சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்) விழும். 16 ஆம்பியர் சாக்கெட், தனி லைன், சரியான எர்த் மூன்றும் அவசியம். எவர்சில்வர் உடம்பு, ஈரத்தரை, வெறுங்கால் எல்லாம் ஒன்றுசேரும் இடம் இது. எர்த்தில் சமரசம் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் இதைப் புறப்பட வைக்கும் என்றும் நம்ப வேண்டாம்.

கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசர் உறுமிவிட்டு நிற்கும். ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நிற்கும் நிலையில் அதனால் சுழலத் தொடங்க முடியாது. கேபிலரி வழியாக இரு பக்கமும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் தேவை. "டைம் டிலே" உள்ள ஸ்டெபிலைசர் இந்த நேரத்தைத் தானே கொடுக்கும்.

ஸ்டார் லேபிள் உள்ள 250 லிட்டர் வீட்டு ஃப்ரிட்ஜ் ஆண்டுக்கு 200 யூனிட்டை ஒட்டி எடுக்கும். 1000 லிட்டர் ஃபோர் டோர், மாதிரியையும் வயதையும் பொறுத்து ஒரு நாளைக்கே 5 முதல் 8 யூனிட். நாளுக்கு 6 என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 360. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய், கணக்கு வேறு பட்டியலுக்கு மாறிவிடும். ஏற்கெனவே 200 யூனிட் ஓட்டும் வீடு இந்த ஒரு பெட்டியால் எல்லை தாண்டும். கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

யாருக்குப் பொருந்தும், எப்படிப் பார்த்து வாங்குவது

தினமும் இருபது லிட்டருக்கு மேல் மாவு வைப்பவர்கள், ஐம்பது பேருக்குச் சமைத்து அனுப்புபவர்கள் தயங்காமல் வாங்கலாம். அவர்கள் வீட்டில் ஊற்று நிஜமாகவே பெரிது. இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் யோசிப்பவர்களுக்கு, இருக்கும் ஃப்ரிட்ஜோடு இன்னொரு வீட்டு ஃப்ரிட்ஜ் சேர்ப்பது பல மடங்கு சிக்கனம். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும். ஓட்டல் ஃப்ரிட்ஜ் நின்றால் எல்லாமே நிற்கும். வீட்டில் பயன்படுத்தினால் வாரண்டி உண்டா என்பதையும் அட்டையில் படித்துவிடுங்கள்.

ஃபோர் டோர் சுமார் 1200 மில்லிமீட்டர் அகலம், 700 ஆழம், 2000 உயரம், காலியாகவே 150 கிலோவை ஒட்டிய எடை. உங்கள் சமையலறை வாசல் இரண்டரை அடி என்றால் சுமார் 760 மில்லிமீட்டர். பக்கவாட்டில் திருப்பினால் நுழையும், ஆனால் திருப்புவதற்கு வராந்தாவில் இடம் வேண்டும். லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், நிலைப்படி எல்லாவற்றையும் பணம் கொடுக்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பழைய பெட்டி என்றால் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது. நான்கு கதவிலும், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் பாருங்கள். ரப்பர் மாற்றுவது பெரிய செலவு இல்லை. குழாய் மூட்டுகளில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் கேஸும் கசிகிறது என்று பொருள். அது பெரிய செலவு. பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் ஆர்-290 என்றோ ஆர்-600ஏ என்றோ இருந்தால் உள்ளே இருப்பது எரியும் தன்மையுள்ள கேஸ். அளவு குறைவு, பயப்பட வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். வேறு கேஸை அதில் ஏற்றுகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கை அனுப்பிவிடுங்கள்.

வண்டியில் நிமிர்த்தியே கொண்டுவரச் சொல்லுங்கள். சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களில் ஏறியிருக்கும். நிமிர்த்தி ஒரு நாள் விட்டபிறகே பிளக்கைச் செருக வேண்டும். தரை சமமாக இருக்கிறதா என்று கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். சாய்ந்து நின்றால் கதவு தானாக மூடாது. காலியாக ஓடவிட்டு, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள். காற்றின் வெப்பநிலை கதவு திறக்கும்போதெல்லாம் குதிக்கும், தண்ணீர் குதிக்காது. மறுநாள் காலை 3 அல்லது 4 டிகிரி காட்டினால் பாதிப் பெட்டி வரை, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை அடுக்குங்கள். மீதியை அதற்கு அடுத்த நாள் அடுக்கலாம்.